பால் பத்தவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் டயப்பரைப் பாருங்கள்

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருக்கும். பிள்ளையை எட்டிப் பார்ப்பார்கள், மூக்கு யார் ஜாடை என்று ஒரு வார்த்தை சொல்வார்கள், உடனே நம் பக்கம் திரும்பி "பால் இருக்கா?" என்பார்கள், ஏதோ கடையில் வந்து கேட்கிற மாதிரி. எனக்கு மதுரையில் அம்மா வீட்டில் இருந்தபோது சிசேரியன் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளை விடாமல் அழ, பெரியம்மா ஒருத்தர் என் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இன்னும் பால் இறங்கலையே, பிள்ளை வயிறு காயுது" என்றார். அடுத்த இருபது நிமிடத்தில் டப்பா பாலும் பாட்டிலும் கட்டிலுக்கு வந்துவிட்டன. அந்த டப்பாவை வீட்டை விட்டு அனுப்ப எனக்கு ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரத்தில் கற்றதும், அப்புறம் ஐந்தாம் மாதம் சென்னையில் வேலைக்குத் திரும்பி, பம்ப்பும் ஐஸ் கட்டியும் பையுமாக மின்சார ரயிலில் போய்வந்தபோது கற்றதும்தான் இது. நான் டாக்டர் இல்லை. எங்கே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதல் மூன்று நாள்

முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பார்த்தால் "இதுவா பால்?" என்று தோன்றும். பழைய ஆட்கள் சிலர் அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள். கொட்டாதீர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் மிக அதிகம். அளவு குறைவாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பிறந்த முதல் நாள் குழந்தை ஒரு நேரத்துக்குக் குடிப்பது 5 முதல் 7 மில்லிதான், ஒரு டீஸ்பூன் கணக்கு. அந்த வயிற்றுக்கு 60 மில்லி பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "பாரு, எப்படிக் குடிக்குது, பாவம் இவ்வளவு நேரம் பசியில இருந்திருக்கு" என்று சொல்வது எவ்வளவு தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. பாட்டிலில் இருந்து தானாக ஒழுகுகிறது, பிள்ளை விழுங்குகிறது, அவ்வளவுதான் விஷயம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியனாக இருந்தாலும் முடியும், ஆனால் கேட்டால்தான் நடக்கும். பிரசவத்துக்கு முன்னாலேயே டாக்டரிடமும் நர்சிடமும் சொல்லி வையுங்கள், கூட இருக்கப் போகிறவரிடமும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் பேசுகிற நிலையில் நாம் இருக்க மாட்டோம். துணி இல்லாமல் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொண்டு மேலே ஒரு போர்வை. இதற்கு ஒரு செலவும் இல்லை.

சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், சேனை (பெரியவர் ஒருவர் பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் இனிப்பு) எதுவும் வேண்டாம். சேனை வைப்பது பெரியவர்களுக்கு உணர்ச்சியான விஷயம், வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புகிறார்கள், சண்டை போட்டுப் பயனில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவிடம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வாதம் மட்டும் பண்ணச் சொல்லி முடித்துக்கொண்டோம். தேன் மட்டும் ஒரு வயது ஆகும்வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர வைக்கும் விஷத்தை உண்டாக்கும்.

முழுப் பால் இறங்க இரண்டு முதல் ஐந்து நாள் வரை ஆகும், சிசேரியன் என்றால் கொஞ்சம் தாமதமாகவே வரும். அதுவரை பிள்ளையின் எடை குறையும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பழைய எடைக்கு வருவது வழக்கம்தான். அதற்கு மேல் இறங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும். இந்த நாட்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை இருந்தால் பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும், "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் உள்ளங்காலைத் தேய்த்து, துணியை விலக்கி, எழுப்பிக் கொடுங்கள்.

கவ்வ வைப்பதில்தான் பாதிக் கதை

எனக்கு இரண்டு வாரம் காம்பு வெடித்து ரத்தம் வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் "அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும்" என்றார்கள். சரியாகவில்லை. ஆரம்பத்தில் சில விநாடி சுருக்கென்று இழுப்பது இயல்பு, முழு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கவ்வினால் நமக்கு வலியும் மிச்சம், அதற்குப் பாலும் வராது.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும், தலையை மட்டும் திருப்பிக் குடிக்க வைக்காதீர்கள். நாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தால் தெரியும். காம்பு அதன் வாய்க்கு நேராக அல்ல, மூக்குக்கு நேராக இருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டை லேசாக வருடினால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருக்க வேண்டும், பாதி திறந்த வாயில் திணிக்கக் கூடாது. திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் குனியாதீர்கள், முதுகு போய்விடும். முதலில் தாடை படட்டும், அப்புறம் வாய். சரியாகக் கவ்வியிருந்தால் காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் இருக்கும், கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், தாடை மார்பில் பதிந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் "க்க்" என்று விழுங்கும் சத்தம் கேட்கும். கன்னம் குழிந்தாலோ சப்பென்று சத்தம் வந்தாலோ சரியில்லை. உங்கள் சுண்டு விரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தோல் கூடவே வரும். குடித்து முடித்த காம்பு உருண்டையாக இருந்தால் நல்லது, புது லிப்ஸ்டிக் முனை மாதிரி சரிந்து நசுங்கி இருந்தால் கவ்வியது தப்பு.

சிசேரியன் ஆனவர்களுக்கு மடியில் போட்டுக் கொடுப்பது முதல் வாரம் கஷ்டம், தையலில் உதைக்கும். குடத்தை இடுப்பில் இடுக்குகிற மாதிரி பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழே, கால் நம் முதுகுப் பக்கம் போகிற மாதிரி, தலையணை மேல் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான். ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் அசந்து தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் பக்கத்தில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும். சோபாவில் சாய்ந்து கொடுத்தபடி தூங்குவது இன்னும் ஆபத்து.

காம்பு உள்ளே அமுங்கியிருந்தால் நம் ஊர் நர்சுகள் 10 மில்லி சிரிஞ்சை வைத்து ஒரு வேலை செய்வார்கள். ஊசி பொருத்தும் முனையை வெட்டிவிட்டு, தண்டை அந்த வெட்டிய பக்கத்திலிருந்து மாற்றிப் போட்டு, வழவழப்பான பக்கத்தைக் காம்பில் வைத்து மெதுவாக இழுத்துப் பிடிப்பார்கள். நீங்களாகச் செய்யாமல் ஒரு தடவை அவர்களிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வெடிப்புக்குக் கடைசியில் வருகிற நம் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றில் காயவிட்டால் போதும், சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

பத்துகிறதா இல்லையா

டயப்பர்தான் சாட்சி. ஐந்தாவது, ஆறாவது நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக ஒன்றுக்குப் போக வேண்டும், அது வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பு மலம் மாறி, அரைத்த கடுகு மாதிரி மஞ்சளாகப் போக வேண்டும். இதோடு எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் பத்துகிறது. பிள்ளை அழுகிறது என்பது கணக்கில் வராது, பிள்ளைகள் பத்துக் காரணத்துக்கு அழும். மார்பு கல்லு மாதிரி இல்லை என்பதும் கணக்கில் வராது, ஆறு வாரத்துக்கு அப்புறம் உடம்பு தேவைக்கேற்பச் சுரக்கப் பழகிவிடும், மார்பு தொளதொளவென்றுதான் இருக்கும். பம்ப் வைத்தால் 20 மில்லிதான் வருகிறது என்பதும் அப்படித்தான், பிள்ளை இழுக்கிற அளவுக்கு எந்த மெஷினும் இழுக்காது.

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை விட்டு விட்டுக் குடித்து, பிடித்து, துப்பி, அழுது, மறுபடி குடிக்கும். இந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் "பால் பத்தலை" தீர்ப்பு வருகிறது. இது கைக்குழந்தைகளின் வழக்கம். மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் வாக்கில் இரண்டு மூன்று நாள் நாள் முழுக்கவே இப்படிப் பண்ணும். அது உங்கள் உடம்புக்கு ஆர்டர் கொடுக்கிறது. மார்பு ஒரு பானை இல்லை, நிறையும்வரை காத்திருந்து ஊற்றுவதற்கு. தோண்டத் தோண்ட ஊறுகிற மணற்கேணி அது. வெளியே எடுத்த அளவைப் பார்த்துத்தான் அடுத்ததைச் செய்கிறது, நிறைந்தே இருந்தால் சுரப்பைக் குறைத்துவிடும். அதனால் அந்த நேரத்தில் ஒரு பாட்டில் டப்பா பால் கொடுத்தால் பிள்ளை நான்கு மணி நேரம் தூங்கும், உடம்பு "சரி, அவ்வளவு தேவையில்லை போல" என்று புரிந்துகொள்ளும், மறுநாள் நிஜமாகவே குறையும், இன்னொரு பாட்டில் வரும். நான் விழுந்த குழி இதுதான். வெளியே வந்ததும் அதே வழியில்: டப்பாவை ஒரே நாளில் நிறுத்தவில்லை, டாக்டரிடம் வாரா வாரம் எடை பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வேளைக்கும் முதலில் இரண்டு பக்கமும் மார்பில் கொடுத்துவிட்டு, டப்பா பாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும் என்பதால் ராத்திரி வேளையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நிஜமாகவே பால் குறைவாக இருக்கிறவர்களும் உண்டு. தைராய்டு, சிலருக்குப் பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டி, நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கிவிடுவது, முன்பு மார்பில் ஆபரேஷன் என்று காரணங்கள் இருக்கின்றன. எல்லாம் சரியாகச் செய்தும் எடை ஏறவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்கள், அதுவரை பிள்ளைக்கு டப்பா பால் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. ஐந்தாறு நாளுக்கு அப்புறமும் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கும் குறைவாக ஒன்றுக்குப் போவது, ஐந்தாம் நாளுக்கு மேலும் துணியில் செங்கல் நிறக் கறை, எழுப்பினாலும் எழாத அசதி, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வராதது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டுப் பஞ்சாயத்து

பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, பிரசவ லேகியம். எல்லாம் நல்ல சாப்பாடுதான், சூடாக ஒருவர் செய்து கையில் தருவதே பாதி மருந்து. ஆனால் எத்தனை சுறா தின்றாலும் மார்பிலிருந்து பாலை எடுக்காவிட்டால் சுரப்பு கூடாது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு முழுப் பூண்டை உரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை தொட்டிலில் பாட்டில் குடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு போடும் என்று டம்ளரைப் பிடுங்குகிறவர்களிடம் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பால் கொடுக்க உட்கார்ந்ததும் தாகம் எடுக்கும், பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். அதற்காக லிட்டர் கணக்கில் குடித்தால் பால் கூடும் என்பதும் இல்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையே இல்லை, சித்திரை வெயிலிலும் தேவையில்லை. வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் டாக்டர் எழுதிக் கொடுப்பார், தினமும் 400 யூனிட், அதை நிறுத்திவிடாதீர்கள்.

பால் கட்டிக்கொண்டால்

பால் இறங்கும் நாளில் மார்பு பாறையாகி, வளையம் இறுகி, பிள்ளையால் கவ்வவே முடியாமல் வழுக்கும். கொடுப்பதற்கு முன் விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி உள்பக்கமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் மட்டும் இளகும், பிடி கிடைக்கும். கொடுத்து முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம்.

நம் ஊரில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். கவனம், அது கட்டியைக் கரைக்க இல்லை, பாலையே வற்ற வைக்க. குழந்தை தவறிப்போன தாய்மார்களுக்குச் செய்கிற வைத்தியம் அது. அது சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. பால் கட்டிக்கொண்டதே என்று ஆசையாக யாராவது பூவோடு வந்தால் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கட்டியாகி, சிவந்து, தொட்டால் வலித்தால், முன்பு போட்டுப் பிசைந்து நீவிவிடச் சொல்வார்கள். இப்போது டாக்டர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள், அழுத்திப் பிசைந்தால் உள்ளே வீக்கம் கூடும். வழக்கம்போலப் பால் கொடுங்கள், குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள், காலி பண்ணியே தீருவேன் என்று கூடுதலாகப் பம்ப் பண்ணாதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்து ஒரு நாளில் குறையவில்லை என்றால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம், டாக்டரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கப் பாலைப் பிள்ளை குடிக்கலாம்.

இனி பம்ப்

பிள்ளை நேரடியாக நன்றாகக் குடிக்கிறது என்றால் முதல் நான்கு வாரம் பம்ப்பைத் தொட வேண்டாம், தேவைக்கு மேல் சுரந்து கட்டிக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கிற பிள்ளை என்றால் கதை வேறு: பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ராத்திரி உட்பட ஒரு நாளைக்கு எட்டு தடவை எடுக்க வேண்டும், சொட்டு வந்தாலும் சரி. அந்தச் சொட்டையும் நர்சிடம் கொடுங்கள்.

பம்ப் வாங்குவதற்கு முன் கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து நசுக்கி, விட வேண்டும். தோலில் வழுக்கிக்கொண்டு இழுக்கக் கூடாது, காம்பையும் கிள்ளக் கூடாது. முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் திடீரென்று பீய்ச்சும். சீம்பால் பிசுபிசுப்பாக இருப்பதால் பம்ப்பின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், கையால் எடுத்தால் ஸ்பூனில் விழும். கரண்ட் போன ராத்திரியிலும், பம்ப்பின் வால்வை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு திங்கள்கிழமையிலும் எனக்குக் கை கொடுத்தது கைதான்.

தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற எலக்ட்ரிக் பம்ப் காசுக்குத் தகும், பாதி நேரம் மிச்சம். எப்போதாவது ஒரு தடவைக்கு என்றால் கைப்பம்ப் போதும். எது வாங்கினாலும் மார்பில் வைக்கிற புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் வரும், நிறையப் பேருக்கு அது பெரிது. காம்பின் குறுக்களவை ஸ்கேலில் அளந்து, அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலானதை எடுங்கள். வளையமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபட்டால் பெரிது, காம்பு பக்கங்களில் உரசினால் சிறிது. எனக்கு 24 மாற்றி 19 போட்டதும் வலி நின்றது, பாலும் கூடியது. அதற்கு முன் ஒரு மாதம் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் வேகமான, மெல்லிய இழுப்பு ஒன்றிரண்டு நிமிடம். பால் இறங்கி ஓட ஆரம்பித்ததும் மெதுவான, ஆழமான இழுப்புக்கு மாற்றுங்கள். வலிக்காத அளவில் எது அதிகமோ அது, கூட்டினால் கூட வரும் என்று நினைக்காதீர்கள், வலித்தால் பால் இறங்குவது நின்றுவிடும். பதினைந்து இருபது நிமிடம் போதும். நடுவில் மார்பை மெதுவாக வருடிக் கொடுங்கள். போனில் பிள்ளையின் வீடியோவோ, அது போட்டிருந்த சட்டையின் வாசனையோ நிஜமாகவே உதவும். பாட்டிலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது, நான் பாட்டில் மேல் சாக்ஸ் மாட்டிவிடுவேன். சேமிக்க ஆரம்பிக்கிறவர்கள் விடிகாலையில் முதல் பால் கொடுத்த அரை மணி கழித்து எடுத்துப் பாருங்கள், அப்போதுதான் அதிகம் வரும்.

எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று பயந்து ஃப்ரீசர் முழுக்க அடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பிள்ளை ஒரு நாளைக்குக் குடிப்பது சராசரியாக 750 முதல் 800 மில்லி. நீங்கள் வெளியே இருக்கிற ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 30 மில்லி என்று வையுங்கள். பத்து மணி நேரத்துக்கு 300. இன்று ஆபீசில் எடுப்பது நாளைக்கு, அவ்வளவுதான், ஒன்றிரண்டு நாள் கையிருப்பு இருந்தால் போதும்.

காலை எட்டரைக்குக் கிளம்பும் முன் நேரடியாகக் கொடுப்பேன். ஆபீசில் பதினொன்று, இரண்டு, நாலரை. ஏழு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மறுபடி நேரடியாக. முதல் வாரம் பதற்றத்தில் பாதிகூட வரவில்லை, இரண்டாம் வாரம் சரியாகிவிட்டது. இடம்தான் பிரச்சினை. எனக்குக் காட்டப்பட்ட இடம் பழைய ஃபைல் போடுகிற அறை, தாழ்ப்பாள் கிடையாது, கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். கழிப்பறையில் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது பிள்ளையின் சாப்பாடு. 2017 சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியதோடு நிற்கவில்லை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சொன்னது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை என்பது 1961 பேறுகாலச் சட்டத்திலேயே வந்தது. இதை எல்லாம் மெயிலில் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டால் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்குத் தாழ்ப்பாள் வந்தது மெயில் போன மூன்றாம் நாள். வெளியூர்ப் பயணம் என்றால், 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பூட்டிக் கிடந்தால் நேரக் காப்பாளர் அறையில் சாவி கேட்டுப் பாருங்கள்.

எடுத்த பாலை வைத்திருப்பது

புத்தகக் கணக்கு: 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். சென்னையில் மே மாதம் 25 டிகிரி எங்கே இருக்கிறது, ஏசி அறையைத் தவிர? அதனால் எடுத்த உடனே ஃப்ரிட்ஜ், இல்லையென்றால் ஐஸ் ஜெல் கட்டியோடு மூடிய கூலர் பை. உறைந்த கட்டிகளோடு அப்படியொரு பையில் 24 மணி நேரம் வரை தாங்கும் என்பது கணக்கு. ரயில் கூட்டத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன், லேப்டாப் தோளில் தொங்கும்.

ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், உள்ளே பின்பக்கம் வையுங்கள். உறைய வைப்பதானால் 60 மில்லி அளவில், மேலே கொஞ்சம் இடம் விட்டு, தேதி எழுதி, பழையதை முதலில் எடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் ஃப்ரீசரை நம்பி மாதக்கணக்கில் சேர்க்க வேண்டாம், ஒரு நாள் மின்தடையில் எல்லாம் இளகிவிட்டால் அழுகை வரும். சூடான புதுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலோடு கலக்கும் முன் அதையும் குளிர வையுங்கள். உறைந்ததை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், இளகிய பின் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் டம்ளரை நிறுத்திச் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுடும். முதல் நாள் என் மாமியார் அதைப் பசும்பால் மாதிரி அடுப்பில் வைத்துப் பொங்க விட்டுவிட்டார், ஒரு நாள் முழுக்க எடுத்த பால். அவர் மேல் தப்பில்லை, சொல்லிக் கொடுக்காதது நான். ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். மேலே ஆடை மாதிரிப் பிரிந்து நிற்பது கொழுப்பு, கெட்டுப்போகவில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பம்ப்பில் பால் படுகிற பாகங்களை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, ஒரு நாளைக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். இரண்டு செட் வாங்கிக்கொள்வது ஆடம்பரம் இல்லை.

கொடுப்பதற்குப் பாட்டிலைவிடப் பாலாடை (பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம்) நல்லது என்பது என் கட்சி. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே மூக்கு வைத்த பாலாடையைத்தான் குறைமாதக் குழந்தைகள் வார்டிலும் பயன்படுத்துகிறார்கள். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, அது நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும்படி சாய்க்க வேண்டும், தொண்டையில் ஊற்றக் கூடாது. கழுவவும் சுலபம், மார்பை மறந்து பாட்டில் காம்புக்குப் பழகிவிடும் பயமும் இல்லை. பாட்டில்தான் என்றால் மெதுவாக ஒழுகுகிற காம்பு, படுக்கைவாட்டில் பிடித்த பாட்டில், நடுநடுவே நிறுத்தம்.

மிஞ்சுகிற பால் இருந்தால் கொட்டாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் உண்டு. நாட்டிலேயே முதலாவது 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. உங்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணி, பாலைப் பதப்படுத்தி, தாய்ப்பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். போவதற்கு முன் எப்படிச் சேகரித்துக் கொண்டுவர வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு அப்புறம் கஞ்சி, பருப்புச் சோறு என்று ஆரம்பித்ததும் ஆபீசில் ஒரு வேளையைக் குறைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் கட்டிக்கொள்ளும், நான்கைந்து நாளுக்கு ஒரு வேளை என்று விடுங்கள். நான் நாலரை மணியை முதலில் விட்டேன், பதினோரு மணியைக் கடைசியில். பம்ப் வேலை முடிந்ததும் தங்கச்சி கேட்டாள், கொடுக்கலாமா என்று பெட்டியைப் படித்தேன். மோட்டாருக்குள் பால் போக முடியாதபடி தடுப்பு இருக்கிற வகை என்றால் மோட்டாரை மட்டும் கொடுக்கலாம், புனல், குழாய், வால்வு எல்லாம் அவள் புதிதாக வாங்க வேண்டும். தடுப்பு இல்லாத வகை என்றால் கொடுக்கவே கூடாது. என்னுடையது இரண்டாவது வகை.